இருபத்தெட்டாவது பால்பல்

வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தில் நான் ஒரு பத்தி கூடுதலாக எழுதிவிட்டேன். அதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்திருக்காது.

அவர் கீழ்த்தளம், வாடகைக்கு இருக்கும் நாங்கள் மேல்தளம். முப்பது வருடம் நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் கழுத்தில் விசில் தொங்கும். மாடியில் நாற்காலியை இழுத்தால் ஒரு விசில், குழாயை மூடாமல் விட்டால் இரண்டு. எங்கள் மகள் நாய்க்குட்டி வேண்டும் என்று அடம்பிடித்தபோது அவரிடம் அனுமதி கேட்கப் போனேன்.

“நாய் கூடாது. குட்டின்னா இருந்துட்டுப் போகட்டும்,” என்றார்.

அதோடு நான் பேசாமல் படியேறி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் வேலை பார்ப்பது பேருந்து நிறுவனத்தில், பயணிகள் மறந்து விட்டுப் போகும் பொருள்களைக் காக்கும் பிரிவில். அங்கே ‘கறுப்புக் குடை ஒன்று’ என்று பதிவேட்டில் எழுதினால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை கம்பி, எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, பிடியில் பல் தடம் உண்டா என்பதுவரை எழுத வேண்டும். பதினாறு வருடம் அப்படி எழுதிய கை சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, கையெழுத்து வாங்கினேன். அதில் இருந்த பத்தி இது:

‘மேற்படி பிராணி, அதன் பால்பற்கள் அனைத்தும் விழுந்து முடியும்வரை குட்டி எனக் கருதப்படும். கடைசிப் பால்பல் விழுந்த நாள்முதல் அது நாய் எனக் கருதப்பட்டு, அன்றே வீட்டிலிருந்து அகற்றப்படும்.’

எங்கள் மகளுக்கு ஏழு வயது முடிந்தும் ஒரு பல்கூட ஆடவில்லை. அதை வைத்து, பால்பல் என்பது வருடக்கணக்கில் நிதானமாக விழுகிற பொருள் என்று நான் நினைத்திருந்தேன். என் மனைவி பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நாய்க்கு ஆறேழு மாசத்துக்குள்ள இருபத்தெட்டுப் பல்லும் விழுந்துடும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“தெரியாதவரு என்னைக் கேட்டிருக்கலாம்ல? வெறும் குட்டின்னு விட்டிருந்தா, அது கிழடு தட்டினப்புறமும் குட்டிதான்னு சாதிச்சிருப்பேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்திருக்கீங்க.”

மகளிடம் இதைச் சொல்லவில்லை. நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அதாவது இருவருமே பயந்தோம்.

குட்டி வந்த நாளிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் சின்னவன். அதனால் எங்கள் ஒற்றைப் பிள்ளைக்குப் பெரியவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பெருமைதான் என்றாலும், வகுப்பில் பல் விழாத ஒரே பிள்ளை அவள்தான் என்பது அதைவிடப் பெரிய அவமானமாக இருந்தது. தினமும் வந்து யார் வீட்டில் எப்படிக் கொண்டாடினார்கள் என்று சொல்வாள். ஒருத்தனுடைய அப்பா லாரி ஓட்டுபவர், மகனுக்கு ஒரு பல் விழுந்ததும் தெருவில் லாரியை நிறுத்தி ஒரு தடவை ஹாரன் அடித்தாராம். இரண்டாவது பல்லுக்கு இரண்டு தடவை. இன்னொருத்தி வீட்டில் அன்று முழுக்க யாரும் எதையும் கடிக்கக் கூடாது, உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். ஒரு பையனுக்கு, பல் விழுந்த இடைவெளி வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி வீட்டுச் செடிகளுக்கு ஊற்றும் உரிமை கிடைத்தது.

“நமக்கு என்னப்பா?” என்றாள்.

நமக்கும் ஒன்று வேண்டும்தானே. யோசித்து, வெள்ளைத்தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்: ‘இவ்வீட்டில் யாருக்குப் பால்பல் விழுகிறதோ, அவரே அன்று இரவு தூங்கும்வரை வீட்டுத் தலைவர். அவர் சொல்வதை மற்றவர்கள் மறுக்கக் கூடாது.’

எங்களோடு தங்கியிருந்த என் மைத்துனன் அதை இரண்டு தடவை படித்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் அவன். அடுத்தவர் ஓட்டும்போது பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

“அத்தான், எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுது. அதுக்கும் உண்டா?”

“பால்பல்னு போட்டிருக்கு பாரு மச்சான்.”

“நான் அதுல நிறையப் பால் குடிச்சிருக்கேனே.”

மூன்றாம் நாள் காலை, பெரியவளின் காலுறைக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடந்தது. மனைவி அதை விரல்நுனியில் வைத்துப் பார்த்தாள். “கீழ் வரிசை முன்பல். நாய்,” என்றாள்.

பெரியவள் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியின் கதவையே பார்த்தாள். பிறகு நியாயத்தை விடாமல் சொன்னாள்: “இவனும் இந்த வீட்லதானே இருக்கான். இன்னைக்கு இவன்தான் தலைவர்.”

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டோம். அரை மணி நேரம் ஆனதும் சிரிப்பு நின்றது. தலைவர் வாய் திறந்து ஆணை இடாத நிலையில், அவர் செய்வதே ஆணை என்று பெரியவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தலைவர் மேசைக்கு அடியில் போனார். நாங்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போனோம். அவர் சோப்பை முகர்ந்து பார்த்துத் தும்மினார், அன்று யாரும் குளிக்கவில்லை. பிறகு மைத்துனனின் இடது ஷூவின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கினார்.

மைத்துனன் போனில் தன் மாணவரிடம் பேசியது கேட்டது. “இன்னைக்கு வகுப்பு இல்லைங்க... இல்லைங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஷூ கிடைக்கல... இருக்குங்க, ஆனா எடுக்க அனுமதி இல்லை.”

நான் அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். பொய் எழுதிப் பழக்கமில்லை. ‘எங்கள் வீட்டுத் தலைவருக்குப் பல் விழுந்திருப்பதாலும், அவர் தற்சமயம் வாசற்படியில் படுத்திருப்பதாலும், இன்று பணிக்கு வர இயலவில்லை.’ மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “உங்க அப்பாவுக்கு இப்ப பரவாயில்லையா?” என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். நான் பதில் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

ஒரு பல்லோடு போயிருந்தால் சரி. பத்து நாளில் ஆறு பல் விழுந்தது. இரண்டைச் சின்னவன் விழுங்கிவிட்டான், ஆனாலும் மனைவி தினமும் சாயங்காலம் பட்டறை டார்ச்சால் வாயைப் பார்த்து, காகிதத்தில் வரைந்த தாடையில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். விழுங்கினாலும் கணக்கில் உண்டு. வீடு தலைவரின் ஆட்சிக்குப் பழகிவிட்டது. மின்சார மீட்டரைப் பார்க்க வந்தவர்கூட ஒருநாள், தலைவர் செய்தபடியே எங்களோடு கதவுப் பக்கம் திரும்பிப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பல வீடு பார்த்தவர்.

வீட்டுக்காரரும் இதில் ஆர்வமாக இருப்பதாகப் பெரியவள் நினைத்தாள். தினமும் காலையில் அவள் பள்ளிக்கு இறங்கும்போது அவர் வாசலில் நின்று, “இன்னைக்கு எத்தனை?” என்பார். “பதினொண்ணு தாத்தா!” என்பாள் இவள் துள்ளிக்கொண்டு. “பலே, பலே,” என்பார் அவர். சில நாள் அவரே டார்ச்சோடு வந்து சின்னவனின் வாயைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். குளத்தில் குதித்த பிள்ளைகள் எத்தனை, ஏறிய பிள்ளைகள் எத்தனை என்று முப்பது வருடம் எண்ணியவர். எண்ணும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

இருபதாவது பல் விழுந்த அன்று பெரியவள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

“அப்பா, கடைசிப் பல் விழுந்தா சின்னவனை அனுப்பிடுவீங்களா?”

“யாரு சொன்னது?”

“தாத்தா சொன்னாரு. இன்னும் எட்டுதான், அப்புறம் இவன் நாயாம். நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களாம். ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கன்னு சொன்னாரு.”

என் பிரதியை எடுத்து வரச் சொல்லி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘கருதப்பட்டு’ என்ற இடத்தில் மட்டும் என்னிடம் அர்த்தம் கேட்டாள். சொன்னேன். அழவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய், சின்னவன் கடித்துக்கொண்டிருந்த கயிற்றைப் பிடுங்கினாள்.

அன்றிலிருந்து கொண்டாட்டம் நின்றது, காவல் தொடங்கியது. சின்னவனுக்குக் கூழ் மட்டும்தான். கடினமான பொருள் எதையும் அவன் பக்கம் போக விடமாட்டாள். எலும்பு பொம்மை அலமாரியின் உச்சிக்குப் போனது. அவன் கொட்டாவி விட்டால்கூட, “மெதுவாடா, மெதுவா,” என்பாள். மைத்துனனும் அவள் கட்சி.

“அக்கா, உங்க பட்டறையில பல் செட்டை ஒட்டுறதுக்கு ஒரு பசை உண்டே?”

“அதை நாய் வாயில வச்சேன்னா, உன் வாயில சிமெண்டைப் பூசுவேன்.”

“ஒரு துளிதான்...”

“வாயை மூடு.”

“அதைத்தான் செய்யலாம்னு சொல்றேன். அதோட வாயை மூடியே...”

மனைவி எழுந்ததும் அவன் போய்விட்டான்.

எந்தக் காவலுக்கும் பல் நிற்குமா? ஒவ்வொன்றாக விழுந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு. இருபத்தேழாவதைச் சின்னவன் வீட்டுக்காரரின் பாயிலேயே போட்டுவிட்டு வந்தான். அவர் அதை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, எங்கள் கதவுக்கு அடியில் தள்ளினார். மீதி ஒன்றே ஒன்று. மேல் தாடையில், இடது பக்கம், கோரைப்பல்.

அது விழவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அதன் பக்கத்திலேயே புதுக் கோரைப்பல் கிளம்பி, ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி இரண்டும் நெருக்கிக்கொண்டு நின்றன. வீட்டுக்காரர் தினமும் டார்ச்சோடு வந்து பார்த்து, “ம்,” என்றுவிட்டுப் போனார். பெரியவள் ராஜநடை நடந்தாள். “இது விழாதுப்பா. இது என் கட்சி,” என்றாள்.

மூன்றாவது வாரம் சின்னவன் கூழைக்கூட ஒதுக்கினான். முன்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சனிக்கிழமை காலை நானும் பெரியவளும் அவனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அந்த அம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“இந்தப் பால்பல் தானா விழாது. எடுத்துடணும். விட்டா புதுப்பல் கோணிக்கும். ஈறு வேற புண்ணாயிருக்கு.”

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள். “எடுக்காம விட்டா?”

“வலிச்சுக்கிட்டே இருக்கும்மா.”

“இப்ப வலிக்குதா?”

“வலிக்குது. அதான் சாப்பிடல.”

அவள் சின்னவனின் காதைப் பிடித்து, துணியின் தரத்தைப் பார்ப்பதுபோல் விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

“எடுத்துடுங்க டாக்டர்,” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், “அப்பா, நீங்க வெளியே நில்லுங்க. உங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் கோவமா வருது,” என்றாள்.

வெளியே நின்றேன். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மூன்று தடவை படித்தேன்.

மதியம் மூன்று மணிக்குத் திரும்பினோம். பல் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. சின்னவன் மயக்க மருந்து முழுதாகத் தெளியாமல், நான்கு காலும் நான்கு திசையில் போக, தானே நடப்பேன் என்று நடந்து வந்தான். மனைவியும் மைத்துனனும் வாசலிலேயே காத்திருந்தார்கள். வீட்டுக்காரரும் நின்றார். கையில் என் கடிதத்தின் அவருடைய பிரதி.

“இருபத்தெட்டா?” என்றார்.

“இருபத்தெட்டு,” என்று டப்பாவை நீட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

“இன்னைக்கே அகற்றப்படும்னு போட்டிருக்கீங்க.”

“போட்டிருக்கேன்.”

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே சின்னவன், மாடிப்படியைப் பார்த்து, அதில் ஏறுவது ஆகாத காரியம் என்று முடிவு செய்து, பக்கத்தில் திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்காரரின் வீட்டுக்குள் போய், முன்னறையின் நடுவில் கிடந்த நீல விரிப்பில் தொப்பென்று விழுந்தான்.

“பல் விழுந்திருக்கு. இன்னைக்கு அவன்தான் தலைவர்,” என்றாள் பெரியவள்.

“புடுங்கினது கணக்குல வருமா?” என்றான் மைத்துனன்.

“வாயில இல்லைன்னா விழுந்ததுதான்,” என்றாள் மனைவி. தொழில்காரி சொன்னால் சொன்னதுதான்.

தலைவர் இருக்கும் இடத்தில் குடும்பம் இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு பேரும் உள்ளே போய் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் தன் வாசலில் தானே விருந்தாளி மாதிரி நின்றார்.

“என்ன தம்பி இது?”

“தலைவர் எழுந்ததும் போயிடுவோம் சார்.”

“எப்ப எழுந்திருப்பான்?”

“ஆறு, ஏழு மணி ஆகும்னு டாக்டர் சொன்னாங்க.”

“நான் படுக்கணும், டிவி பார்க்கணும், எனக்கு வேலை இருக்கு.”

“பாருங்க சார். நாங்க ஓரமாத்தான் இருக்கோம்.”

அவர் விசிலை எடுத்து முழு மூச்சோடு ஊதினார். தெருவில் ஒரு சைக்கிள் நின்றது. மைத்துனனின் வலது கால் தரையை அழுத்தியது. சின்னவன் ஒரு கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்து, மூடிக்கொண்டான்.

“முப்பது வருஷத்துல என் விசிலுக்கு அசையாத ஒரே ஆளு,” என்றார் அவர், கோபமாகவா மரியாதையாகவா என்று தெரியாத குரலில். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார். சமையலறைக்குப் போவதானாலும் என் மைத்துனனின் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாவது தடவை தாண்டும்போது அலுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரியவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“தாத்தா, சின்னவன் எப்ப நாயாகுறான்னு நீங்களா சொன்னீங்க? இல்லை அப்பா சொன்னாரா?”

“அப்பாதான். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டா போட்டதுதான்.”

“அப்பா தப்பா எழுதிட்டாரு. வேற எழுதினா அதுக்கும் போடுவீங்களா?”

“என்னன்னு எழுதுவாரு? என்னைக்கும் குட்டின்னா? அதெல்லாம் ஆகாது. எண்ணுற மாதிரி இருக்கணும். இத்தனை போச்சு, இத்தனை மிச்சம்னு தெரியணும். எண்ண முடியாதது எனக்குப் பிடிக்காது.”

“நாய்க்குப் பல்லு தீந்துபோச்சு,” என்றாள். “எனக்குத் தீரல.” வாயைப் பெரிதாகத் திறந்தாள். “எண்ணுங்க.”

வீட்டுக்காரர் அவள் வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். மேல் வரிசையைக் கடைசியிலிருந்து கடைசிவரை எண்ணினார், பிறகு கீழ் வரிசை. “இருபத்தொண்ணு,” என்றார்.

“இருபது,” என்றாள் என் மனைவி. “உள்ளே கடைசியா இருக்கிறது புதுக் கடைவாய்ப்பல். அது பால்பல் இல்லை.”

அவர் மறுபடி எண்ணினார். “ஆமா, இருபது. ஒண்ணுகூட விழலையா இவளுக்கு?”

“ஒண்ணுகூட ஆடலை!” என்றாள் பெரியவள், வாயை மூடாமலே. ஏழு மாதமாகப் போர்வைக்குள் சொல்லி அழுத வாக்கியம் அது. இப்போது மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

“எல்லாம் விழ எத்தனை வருஷமாகும்?” என்று என் மனைவியைக் கேட்டார்.

“பன்னெண்டு, பதிமூணு வயசு ஆயிடும். இவ நிதானத்துக்குக் கூடவும் ஆகலாம்.”

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். வாரத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்டார். உண்டு என்று பெரியவள் சொன்னாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் மடியில் தாளை வைத்து எழுதினேன்: ‘முந்தைய கடிதம் ரத்து செய்யப்படுகிறது. மேற்படி பிராணி, இவ்வீட்டுக் குழந்தையின் பால்பற்கள் இருபதும் விழுந்து முடியும்வரை குட்டி எனக் கருதப்படும்.’

“கீழே விழுந்து அடிபட்டுப் போன பல்லு?” என்றார் வீட்டுக்காரர்.

“கணக்குல வராது,” என்றாள் பெரியவள்.

“புடுங்கினது கணக்குல வரும்னு உங்கம்மாதானே இப்பச் சொன்னா?”

“அது நாய்க்கு.”

கொஞ்சம் இழுபறிக்குப் பின், அடிபட்டு விழுந்தால் அரைப் பல் என்று பேசி முடித்து, அதையும் சேர்த்து எழுதினேன். கையெழுத்து ஆனது.

தலைவர் இன்னும் எழவில்லை என்பதால் எங்களாலும் எழ முடியவில்லை. வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய், ஒரு தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து பெரியவளுக்கு முதலில் நீட்டினார். மாவும் சர்க்கரையும் சேர்த்துச் செங்கல் மாதிரி சுட்ட ரகம், மைத்துனன் ஒன்றைக் கடித்தபோது அறை முழுக்கக் கேட்டது.

“சாப்பிடும்மா. முன்பல்லால நல்லாக் கடிச்சுச் சாப்பிடு,” என்றார் அவர், மிகவும் அன்பாக.

பெரியவள் பிஸ்கட்டைப் பார்த்தாள். அவரை அதைவிட அதிக நேரம் பார்த்தாள்.

“தாத்தா, ஒரு கிளாஸ் பால் இருந்தா கொடுங்க,” என்றாள். “ஊற வச்சுக்கிறேன்.”